எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பார்த்த கடல்

‘கடல் அமைதி. தைரியமாகப் படகு ஏறலாம்.’ எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு சனிக்கிழமை காலை நான் அனுப்பிய செய்தி இது. தேதி, நேரம், அதன் கீழே மாமியார் போட்ட கும்பிடு எல்லாம் இன்னும் இருக்கின்றன. அழித்தும் பயனில்லை, என் மைத்துனன் சேகர் படம் பிடித்து வைத்திருக்கிறான். குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, கல்யாணத் தேதிகளைப் பிழையில்லாமல் எழுதி வைப்பவன் என்று பெயரெடுத்தவன் நான். தவறான தகவலை நம்பி மூழ்கிய கப்பல்களைப் பற்றி நிறையப் படித்துமிருக்கிறேன். அந்தத் தகவலைக் கொடுக்கும் ஆளாக நானே இருப்பேன் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

மாமனார் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கடைசிக் காலத்தில் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்களோடு இருந்தார். இருமலுக்கு நடுவே அவர் கேட்டது ஒன்றுதான்.

“பாதி ஆயுசு பூமிக்கு அடியிலயே போச்சு. செத்தப்புறமும் மண்ணுல போட்டுடாதீங்க. எரிச்சுக் கடல்ல வுடுங்க.”

காவிரி போதாதா என்று கேட்டோம். “ஆத்துல வுட்டா எங்கியாவது மண்ணுல ஒதுங்கிடுவேன். கடலுதான்” என்றார்.

அவர் போன பிறகு சேகரும் என் மனைவி மலரும் மாமியாரும் அஸ்திக் கலயத்தோடு மேற்குக் கரையில் ஒரு சிறு மீன்பிடித் துறைக்குப் போனார்கள். நானும் போயிருக்க வேண்டும். அலுவலகத்தில் அந்த வாரம் டெலிவரி. தவிர, என் வேலையே கடலைப் பார்ப்பதுதான். (கடலிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரத்தில், ஏசி அறையில் உட்கார்ந்து.)

கரையில் நட்ட ரேடார்கள் கடல்மேல் ரேடியோ அலைகளை அனுப்பும். அவை திரும்பி வரும்போது எப்படி மாறியிருக்கின்றன என்பதை வைத்து, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, அலை எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டு வரைபடமாகக் காட்டுவது எங்கள் மென்பொருள். நீரோட்டத்தின் திசை தெரிய இரண்டு ரேடார் நிலையங்களாவது வேண்டும். ஒன்று படுத்துவிட்டால் வரைபடத்தில் வெள்ளைத் திட்டுகள் விழும்.

“பெரியவங்க வந்து பாக்கற மேப்பு இப்படிப் பொத்தல் பொத்தலா இருந்தா எப்படி?” என்று வாடிக்கையாளர் குறைப்பட்டார். திட்டுகளைப் பழைய அளவுகளால் நிரப்பும் நிரலை நான்தான் எழுதினேன். நிரப்பியது என்று காட்ட ஓரத்தில் ஒரு சாம்பல் புள்ளி வைத்தேன். கண்ணை உறுத்தக் கூடாதென்று அதை மிகவும் வெளிறிய சாம்பலாகத் தேர்ந்தெடுத்தவனும் நானே. (பாராட்டி ஒரு காபிக் கோப்பை கொடுத்தார்கள்.)

அந்தச் சனிக்கிழமை காலை என் செய்தியைப் பார்த்துவிட்டு சேகர் கரையிலிருந்து கூப்பிட்டான். “மாமா, போட்காரரு யோசிக்கிறாரு. எங்க மாமா ரேடார்ல பாத்துட்டாரு, நீ எடுன்னு சொல்லிட்டேன். சரிதானே?”

திரையைப் பார்த்தேன். கரையோரம் முழுக்க நீலம், அதாவது அமைதி. “குளம் மாதிரி இருக்குடா. அல்சூர் ஏரில இதவிட அலை ஜாஸ்தி. ஏறு.”

மாமியார் போனைப் பிடுங்கினார். “மாப்ள, இங்க அலை ஆள் உசரம் வருது. என் கண்ணால பாக்கறேன்.”

“அத்தே, கண்ணால பாக்கறது வேற, டேட்டா வேற.”

“என்னமோ, படிச்சவங்க சொல்றீங்க” என்று போனை மலரிடம் கொடுத்துவிட்டார்.

அப்போது பக்கத்து இருக்கை கிரீஷ் டீயோடு வந்து என் திரையை எட்டிப் பார்த்தான். “ஏன் சார் இதப் பாக்கறீங்க? வடக்கு ஸ்டேஷன் இடி விழுந்து வியாழக்கிழமையே ஆஃப் ஆச்சில்ல? இது பூரா நீங்க ஃபில் பண்ணதுதான் சார். சக்கத்தா, அழகா இருக்கு, ஆனா நிஜம் இல்ல.”

“மலர், ஏற வேணாம்னு சொல்லு!” என்று கத்தினேன்.

“சேகரும் போட்காரரும் கலயத்தோட ஏறிப் போயிட்டாங்களே.”

அடுத்து நான் கேட்டது மாமியாரின் அலறல். அலை உடையும் இடத்தில் படகு மூக்கைத் தூக்கி அப்படியே கவிழ்ந்திருக்கிறது. காதில் அந்த அலறல். கண்ணெதிரே அதே நீலம்.

“ஒருத்தர் தலதான் தெரியுது” என்றாள் மலர்.

“யாரோட தல?” என்று கேட்டேன். (விவரத்தில் துல்லியம் வேண்டுமே எனக்கு.) புருஷனைக் கரைக்க வந்த இடத்தில் மகனைத் தேடி என் மாமியார் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

படகுக்காரர் சேகரை முடியைப் பிடித்து இழுத்து வந்து மணலில் போட்டார். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. உப்புத் தண்ணீரைக் கக்கி முடித்ததும் அவன் போனைக் கேட்டு வாங்கினான்.

“மாமா... குளம் சூப்பர்.”

அவன் வலது கை இன்றும் தோளுக்கு மேல் எழும்பாது. வீட்டில் சோறு வெந்ததா என்று நான் கேட்டால், “கண்ணால பாத்தா வேகல. நீங்க டேட்டாவப் பாத்து சொல்லுங்க” என்பாள் மலர். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவன் சேகர்தான். மாமியார் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

கலயம் கிடைக்கவில்லை. மாமியார் என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டார்: “அவரு கடலுக்குப் போய்ச் சேந்தாரா மாப்ள? இல்ல, மண்ணுலயே ஒதுங்கிட்டாரா?”

அன்று காலை அங்கே நீர் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரிந்தால் ஓரளவு சொல்லலாம். ஒரு நிலையத்தின் பதிவு மட்டும் இருக்கிறது, அது போதாது. மீதியெல்லாம் என் நிரல் நிரப்பியது.

“கடலுக்குத்தான் போயிருக்காரு அத்தே” என்றேன். இது சரிபார்க்கப்படாத தகவல்.