செப்டம்பர் எட்டில் இறந்த என் அண்ணன்

தேதி விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. மர்பி டவுனில் எங்கள் தெருவுக்கு மின்சார விளக்கு வந்த நாள் எது என்று இரண்டு பேர் சண்டை போட்டால், தீர்ப்புக்கு என் வீட்டுக்குத்தான் வருவார்கள். நாற்பது வருஷ நாட்குறிப்புகள் என் அலமாரியில் இருக்கின்றன. (கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டுவேன். அதனால் சிலர் என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார்கள்.) இத்தனை காலத்தில் நான் எழுத்தில் செய்த பெரிய பிழைகள் இரண்டு. இரண்டும் என் அண்ணன் சவரிமுத்துவைப் பற்றியவை.

எனக்கு எட்டு வயதில் விஷக்காய்ச்சல் எங்கள் அப்பா, அம்மா இருவரையும் கொண்டுபோய்விட்டது. அப்போது அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது. பட்டாளத்து ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு என்னைப் படிக்கவைத்தார். சட்டை வாங்கித் தந்தார், தலைகூட வாரிவிட்டார். பிறகு ஹெட் கிளார்க் ஆனார். எனக்கும் ஓர் ஆபீசில் வேலை பார்த்து வைத்தார். நான் எந்தச் செருப்பு வாங்குவது என்பதுவரை அவர்தான் தீர்மானிப்பார். அதில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பதுகளின் நடுவில் டெல்லியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய தஸ்தாவேஜுகளைப் பாதுகாக்கும் ஒரு சர்க்கார் ஆபீசில் உதவியாளர் வேலை. நான் ரகசியமாக மனுப் போட்டிருந்தேன். நூறு வருஷத்துக் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிவைக்கச் சம்பளம் தருகிறார்கள் என்றால், என்னைப் போன்றவனுக்கு மோட்சம் வேறெங்கே இருக்கிறது? அண்ணன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

“டெல்லி குளிரு உனக்கு ஆகாது. மார்ச்சளி உடம்பு. வேணாம்னு நானே எழுதிப் போட்டுடறேன்.”

“சரிண்ணே.”

அன்று செப்டம்பர் எட்டு, மாதா திருநாள். அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘தேர் பவனி. மழை இல்லை. மத்தியானம் புலவு சாதம்.’ டெல்லியைப் பற்றி ஒரு வரி இல்லை. புலவு மட்டும் இருக்கிறது.

அடுத்து வந்தது நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். எங்கள் கோவிலில் அன்று காலைப் பூசைக்குப் பின், மரித்தவர்களின் பெயர்களைச் சுவாமியார் உரக்க வாசித்து வேண்டிக்கொள்வார். வீட்டுக்கு வீடு தங்கள் குடும்பத்து மரித்தவர்களைச் சீட்டில் எழுதி ஒரு பெட்டியில் போடுவார்கள். அவற்றைச் சேர்த்து நல்ல பிரதி எழுதுவது என் பொறுப்பு. நான் சும்மா எழுதுவேனா? ஒவ்வொரு சீட்டுக்கும் சிவப்பு மையில் நம்பர் போட்டேன். பெயர்களை இறந்த தேதி வரிசையில் அடுக்கினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது வந்த சீட்டின் நம்பரையும் எழுதினேன். இப்படிச் செய்யும்படி என்னை யாரும் கேட்கவில்லை.

சுவாமியார் பிரெஞ்சுக்காரர். கண் மங்கல். காகிதத்தை மூக்கருகில் பிடித்து, எழுத்தை வாசிப்பாரே தவிர ஆளை நினைக்க மாட்டார். ஆகஸ்டு முடிந்து செப்டம்பருக்கு வந்தார். “சவரிமுத்து, ஹெட் கிளார்க், மர்பி டவுன். செப்டம்பர் எட்டு” என்று நிதானமாக வாசித்தார்.

அண்ணன் முன்வரிசையில், தொப்பியைக் கையில் பிடித்தபடி முழங்காலில் இருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, அந்த ஆத்துமத்துக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டுச் சபையார் பதில் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு அது சிறுவயதுப் பழக்கம். தன் ஆத்துமத்துக்கும் தானே கணீரென்று பதில் சொல்லி முடித்துவிட்டார். பிறகுதான் தலையைத் தூக்கினார். கோவில் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலில் பேண்டு வாத்தியார் ஆரோக்கியம் நின்றார். எங்கள் பக்கத்து அடக்கங்களுக்கெல்லாம் வாசிப்பவர். “இன்னா சார், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வந்து வாசிச்சிருப்போமே” என்றார், உண்மையான வருத்தத்தோடு. அண்ணன் தொப்பியை மாட்டிக்கொண்டார். பட்டியலும் சீட்டுகளும் இருந்த பையோடு வீடுவரை நான் பத்தடி பின்னால் நடந்தேன். இருபத்தைந்து வயதில், எட்டு வயதிலிருந்து எனக்கு இருந்த ஒரே வீட்டை இழக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு நடப்பது நீண்ட நடை.

வீட்டில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். “பட்டியலைக் கொடு. சீட்டுங்களையும் கொடு.”

“யாரோ விளையாட்டுக்குச் சீட்டு போட்டிருக்காங்கண்ணே.”

அவர் ஹெட் கிளார்க். சரிபார்க்கத் தெரிந்தவர். விரலை வைத்து வரிசையாக இறங்கினார். “எல்லாப் பேருக்கும் நம்பர் போட்டிருக்கே. எனக்கு மட்டும் நம்பர் இல்ல. சீட்டு இல்லாம நான் எப்படிடா செத்தேன்?”

என் முறையே என்னைக் காட்டிக்கொடுத்தது. அந்த வரியை எழுதியது எனக்கு நினைவில்லை. ஆனால் கையெழுத்து என்னுடையது, அதுவும் மற்ற வரிகளைவிட அழகாக இருந்தது.

“அது என்ன செப்டம்பர் எட்டு?” என்றார்.

அடுக்களை வாசலில் நின்ற அண்ணி லூர்து மேரிதான் சொன்னாள்: “மாதா திருநாளுங்க. நீங்க டெல்லிக்கு வேணாம்னு எழுதிப் போட்ட நாளு.”

அண்ணன் பட்டியலை மடியில் வைத்தார். பிறகு, “நீ சரின்னு சொன்னியேடா, ஞானம்” என்றார்.

“சரின்னுதாண்ணே நானும் நினைச்சேன்.”

நான் பொய் சொல்லவில்லை. அவருக்கும் அது புரிந்தது. அதுதான் அவரை வருத்தியது என்று நினைக்கிறேன். என்மேல் கோபப்பட்டிருந்தால் இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்திருக்கும். பேனாவும் காகிதமும் எடுத்து டெல்லிக்கு மறுபடி அவரே எழுதினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது: இடம் நிரம்பிவிட்டது. அதை என்னிடம் கொடுத்தார். “உனக்கு மார்ச்சளியே கிடையாதுடா. நீ போயிட்டா எங்க ரெண்டு பேருக்கும் வேற யார் இருக்கான்னு பயம்” என்றார். தனக்கே அப்போதுதான் தெரியவந்ததுபோலச் சொன்னார்.

பல வருஷம் கழித்து லைப்ரரியில் மனோதத்துவப் புத்தகம் ஒன்று கிடைத்தது. மறப்பதும் கைதவறி எழுதுவதும் தற்செயல் அல்ல, நம்மிடமிருந்தே நாம் ஒளித்துவைத்தது அந்த வழியாக வெளியே வருகிறது என்று அதில் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ‘செப். 8’ என்று குறித்தேன். (லைப்ரரிப் புத்தகத்தில் எழுதியது தவறுதான்.) என் மனசில் இருந்தது கோபம் மட்டும்தானா என்பதற்கு அதில் பதில் இல்லை.

அதன்பின் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் முன் நான் பட்டியலோடு உட்கார்ந்தால், காபி டம்ளரோடு அண்ணன் எட்டிப்பார்ப்பார். “இந்த வருஷம் நான் இருக்கேனா, போயிட்டேனா?”

“இருக்கீங்கண்ணே.”

“நல்லாப் பாத்துக்கோ.”

யுத்தம் முடிந்த மறு வருஷம், பெரிய வெள்ளிக்கு முந்திய வாரத்தில், அவர் நிஜமாகவே காலமானார். ஆரோக்கியம் வந்து வாசித்தார். அந்த நவம்பரில் நான் பட்டியலை மூன்று தடவை சரிபார்த்தேன். எங்கள் வீட்டுச் சீட்டை வழக்கம்போல நானே எழுதி, முதல் நம்பர் போட்டேன். கோவிலில் சுவாமியார் கடைசிப் பெயர்வரை வாசித்து முடித்தார்.

வெளியே வந்ததும் அண்ணி கேட்டாள். “தம்பி, அவரு பேரு?”

பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தேன். அப்பா, அம்மா. அதோடு முடிந்திருந்தது.

அண்ணி முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தபடியே சிரித்துவிட்டாள். “உயிரோட இருந்தப்ப சாகடிச்சே. செத்தப்புறம் சாகவிட மாட்டேங்கறியேப்பா.”

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சீட்டை அண்ணிதான் எழுதுகிறாள். அக்டோபர் கடைசியில் அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, எல்லோர் காதிலும் விழும்படி ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தையைச் சொல்கிறாள்: “பாத்து எழுது தம்பி. இவரு நெஜமாவே போயிட்டாரு.”