செவ்வாய்க்கிழமை அங்கிள்

கணேசலிங்கத்துக்கு ஞாபகசக்தி குறைவு. வீட்டுத் திறப்பு வைத்த இடம் மறந்துவிடும். கலியாண நாள் மறந்துவிடும். ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன், கேரம் டவுன்ஸ் கோயில் அன்னதான வரிசையில், சாம்பார் வாளிக்கு முன்னால் நின்று ஜெயரட்ணம் கேட்டது மட்டும் மறக்காது.

"அண்ணை, நீங்கள் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?"

எட்டு. சொல்லவில்லை. எடுத்த வடையைத் திரும்ப வைத்துவிட்டு வந்தவர்தான். அன்றோடு பேச்சு நின்றது.

ஆகவே பள்ளிக்கூடக் கடிதத்தை மகள் தாரகா வாசித்ததும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டே யூனிவேர்சிட்டியில் புள்ளிவிபரப் பாடம் எடுக்கலாமாம். பாஸ் பண்ணினால் பிறகு டிகிரியில் அந்தப் பாடம் கழிந்துவிடுமாம்.

"எட்டாம் வகுப்பின்ரை பிள்ளை, பள்ளிக்கூடம் முடிக்க முதலே யூனிவேர்சிட்டி! ரிசல்ட் வரட்டும். அந்தச் சாம்பார் வாளிக்கு முன்னாலேயே நிண்டு சொல்லுறன்."

"அதுவரைக்கும்?" என்றாள் மனைவி இராஜேஸ்வரி.

"ஒரு காக்கா குருவிக்கும் தெரியக்கூடாது. கண்ணூறு பொல்லாதது."

வகுப்பு செவ்வாயும் வியாழனும் பின்னேரம். வியாழனில் அவருக்கு டண்டினோங் பிஸ்கட் பாக்டரியில் வேலை. இராஜேஸ்வரி கார் லைசென்ஸுக்கு மூன்று தரம் போனவள். மூன்று தரமும் அழுதது சோதிக்க வந்தவர்தான். நாலு வகுப்புத் தவறினால் பேரை வெட்டிவிடுவார்கள்.

"தாரகாவோடை அரு எண்டு ஒரு பிள்ளை படிக்குது. தகப்பனுக்குச் செவ்வாய் வேலை. செவ்வாய் நீங்கள் ரெண்டு பேரையும் ஏத்துங்கோ, வியாழன் அவர் ஏத்தட்டும்," என்றாள் இராஜேஸ்வரி.

"ஆர் ஆள்?"

"சொல்லவோ?"

"ஐயோ வேண்டாம்! நாங்கள் கேட்டால் அவை கேப்பினம். அவை கேட்டால் ஊர் கேக்கும். பிள்ளையைத் தெருமுனையிலை இறக்குவன். வீடு தெரிஞ்சால் ஆளும் தெரியும்."

"நீங்கள் சொன்னால் சரி."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல்தரம். அவர் யோசித்திருக்க வேண்டும்.

அரு தங்கமான பிள்ளை. குறுக்கே பேசாது. அப்படி ஒரு காது கிடைத்தால் கணேசலிங்கம் விடுவாரா? சிவப்பு லைட்டுக்குச் சிவப்பு லைட் திட்டினார்.

"ஜெயரட்ணமெண்டு ஒருத்தன், பிள்ளை. நெத்தியிலை திருநீறு, நெஞ்சிலை முள்ளு."

"ஓம் அங்கிள்."

"அவன்ரை கார் ஹோர்ன் கூடப் பொய்தான் சொல்லும்."

"ஓம் அங்கிள்."

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் தாரகாவுக்குப் பின் சீட்டில் இருமல் வந்தது.

டிசம்பரில் ரிசல்ட். இரண்டு பேரும் பாஸ்!

"நடவும் இராஜேஸ்வரி! வருஷம் முழுக்க என்ரை பிள்ளையை ஏத்தி இறக்கின மனுசனை இண்டைக்குக் கண்டு கும்பிடவேணும்," என்று ஒரு பெட்டி மாம்பழத்தைத் தூக்கினார். இராஜேஸ்வரி வழி சொன்னாள். தாரகாவுக்குச் செவ்வாய்க்கிழமை இல்லாமலே இருமல் வந்தது.

கதவைத் திறந்தவர் ஜெயரட்ணம். கையில் ஒரு கேக் பெட்டி.

"நீரோ வியாழக்கிழமை?"

"நீங்களோ செவ்வாய்க்கிழமை?"

"பேர் கேக்கேல்லையோ?"

"கண்ணூறு எங்களுக்கும் இருக்குத்தானே, அண்ணை."

குசினிக்குள் ஜெயரட்ணத்தின் மனைவி சிரிப்பது கேட்டது. இராஜேஸ்வரி செருப்பைக் கழற்றி, பழகிய வீடுபோல நேரே குசினிக்குப் போனாள்.

மாம்பழப் பெட்டி கனத்தது.

"அண்டைக்கு ஏன் அப்பிடிக் கேட்டனீர்? சாம்பார் வாளியடியிலை?"

ஜெயரட்ணம் தலையைச் சொறிந்தார். "நான் ஒன்பதிலை பெயில், அண்ணை. துணைக்கு ஒரு ஆள் இருக்கோ எண்டு கேட்டனான். நீங்கள் வடையை வைச்சிட்டுப் போட்டியள்."

கணேசலிங்கம் மாம்பழப் பெட்டியை நீட்டினார். உள்ளே போகும்போது அருவின் காதோடு கேட்டார்.

"பிள்ளை, காரிலை நான் சொன்னதுகளை அப்பாவிட்டை..."

"சொல்லேல்லை, அங்கிள். தாரகாவும் நானும் எண்ணி மட்டும்தான் எழுதினனாங்கள். புள்ளிவிபரப் ப்ராஜெக்டுக்கு. அன்ரிதான் ஐடியா தந்தவ."

"எதை எண்ணினியள்?"

"நீங்கள் அப்பாவைத் திட்டினது. வியாழக்கிழமையிலை அப்பா உங்களைத் திட்டினது. அதுக்குத்தான் கூட மார்க்ஸ்."

குசினிப் பக்கம் பார்த்தார். இராஜேஸ்வரி கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். கோபப்படத்தான் நினைத்தார், ஆவல் முந்திக்கொண்டது.

"ஆர் கூடத் திட்டினது?"

"அப்பாதான் ஃபர்ஸ்ட். நீங்கள் செகண்ட், அங்கிள்."