ராசி பார்க்கும் மேசை

ஈ ஓட்டிக்கொண்டிருந்த அருங்காட்சியகத்தில் திடீரென்று நிற்க இடமில்லை. மூன்றாவது அறையில், யாரோ ஒரு பிரபு கடிதம் எழுதிய பழைய மேசை ராசி பார்க்கிறதாம்! ராசிக்காரர் இழுத்தால் இழுப்பறை திறக்கும். ராசி கெட்டவர் தொங்கினாலும் திறக்காது. இருநூறு ஆண்டுகளாகக் கரையானுக்குப் பயந்து கிடந்த மரத்துக்கு இப்படி ஒரு ஞானம்!

மேசையின் மனதை அறிந்தவர் மேசைச் சாமியார் ஒருவர்தான். மேல்பலகையில் முழங்கையை ஊன்றிக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். திறக்காதவர்களுக்குப் பரிகாரம் உண்டு. வளையலோடு வந்தவர் வளையல் இல்லாமல் போவதுதான் பரிகாரம். அடுத்த வாரம் இழுப்பறை வழுக்கிக்கொண்டு வரும். காப்பாளருக்கு வாயெல்லாம் பல். ‘தொடாதீர்’ பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

அன்று ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். கல்யாணம் பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளையின் தாயார் மட்டும், "மேசை ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கு நிம்மதி" என்றாள். பெண் இழுத்தாள். அசையவில்லை.

"ராசி கெட்டவ எங்க வீட்டுக்கு வேண்டாம்!"

பெண்ணின் அப்பா பதறிப்போய், பரிகாரத்துக்குக் கழற்ற மகளின் கழுத்துச் சங்கிலியில் கை வைத்தார். அத்தனை பேர் நடுவில் அவள் கூனிக் குறுகி நின்றாள்.

மூலையில் நாற்காலிக் காலுக்குப் பசை போட்டுக்கொண்டிருந்த தச்சுக்காரி எழுந்து வந்தாள். அங்குள்ள மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பவள். ஒரு மாத விடுப்பு முடிந்து அன்றுதான் திரும்பியிருந்தாள்.

"சாமி, இந்தப் பக்கம் வந்து நீங்க இழுங்க, பார்ப்போம்."

கூட்டமே பார்க்கிறது, மறுக்க முடியுமா? சாமியார் எழுந்தார். அவர் முழங்கை இருந்த இடத்தில் அவள் தன் முழங்கையை ஊன்றினாள். இழுத்தார், இழுத்தார், முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"ஐயையோ, சாமிக்கே ராசி இல்லையே! யாருகிட்ட பரிகாரம் பண்ணப் போறீங்க?"

பலகையைத் தட்டிக் காட்டினாள். "இங்க அழுத்தினா உள்ள ஒரு கட்டை இறங்கி இழுப்பறையைப் பூட்டிக்கும். வேலைக்காரங்க திறந்துடக் கூடாதுன்னு அந்தப் பிரபு செஞ்சு வச்ச பூட்டு. போன வருஷம் இதுக்கு ஸ்பிரிங் மாத்தினதே நான்தான்." கையை எடுத்தாள். "இப்ப நீ இழும்மா."

சட்டென்று திறந்தது. உள்ளே இரண்டு பூச்சி உருண்டை. வாசலுக்கு நழுவிய சாமியாரை, வளையல் தொலைத்தவர்கள் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

மாப்பிள்ளையின் தாயார் பல்லை இளித்தாள். "அதான் திறந்துடுச்சே! நாள் குறிச்சிடலாமா?"

பெண் நிமிர்ந்தாள். "மேசையைக் கேட்டுத்தான் பொண்ணு எடுப்பீங்கன்னா, அந்த மேசையையே உங்க பையனுக்குக் கட்டி வைங்க அத்தை."

மேசைக்கு மூளை இல்லை, மன்னித்துவிடலாம். நமக்கு என்ன சாக்கு?