காற்று எங்கள் பொறுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், ஃபேனுக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் மௌனசாமி, பட்டறை, ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும் நம் ஃபேன்கள் எல்லோரும் சுகம். உன் அத்தான் ஒருவர்தான் இல்லை. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு அணைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், விஷயம் அங்கேயே நிற்கும். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டதோடு என் படிப்பு முடிந்தது என்பது உனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை நீ பத்திரக்காரரோடு வருகிறாய். பட்டறையை மூடிவிடலாம், ஃபேன்களை எந்தெந்த வீட்டில் மாட்டியிருக்கிறதோ அந்தந்த வீட்டுக்காரருக்கே விற்றுவிடலாம் என்கிறாய். சரி, வா. எனக்குச் சம்மதம். அக்கா கடைசி நேரத்தில் காலை வாரிவிடுவாளோ என்று நீ பயப்படக்கூடாது என்பதற்காகத்தான் ஏன் சம்மதம் என்று விவரமாக எழுதுகிறேன்.

உன் அத்தானும் முதலில் எல்லோரையும் போல ஃபேன் செய்து விற்றவர்தானே. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், "இனிமே ஃபேன் விக்கப் போறதில்லை, காத்து விக்கப் போறேன்" என்றார். எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. "ஃபேன் நம்மளுது, அவங்க வீட்டுல சுத்தும். மாசா மாசம் காத்துக்கு மட்டும் வாடகை. கெட்டா நாமளே போய்ச் சரி பண்ணுவோம். பழசானா கழட்டிக் கொண்டுவந்து, நல்லா இருக்கிற பாகத்தை அடுத்த ஃபேன்ல போடுவோம். ஒரு திருகாணி குப்பைக்குப் போகக்கூடாது" என்றார். நீகூட அன்றைக்கு இங்கேதான் இருந்தாய். "அத்தான், கடையே காத்து வாங்கப் போகுது பாருங்க" என்று சிரித்தாய். அவரும் உன்னோடு சேர்ந்து சிரித்துவிட்டு, நீ கை கழுவப் போன பிறகு என்னிடம் சொன்னார், "ஃபேனை வித்தா, அது சீக்கிரம் கெட்டுப்போகணும்னு நான் வேண்டிக்கணும். அப்பத்தானே இன்னொண்ணு வாங்குவான். காத்தை வித்தா, கெடவே கூடாதுன்னு வேண்டிக்குவேன். எந்த வேண்டுதலோட படுத்தா தூக்கம் வரும், நீயே சொல்லு." இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த மனுஷன் தலைக்குள் இப்படியெல்லாம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் போனதே என்று அன்றைக்கு முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையில் ஏதோ கறை இருக்கிறது என்று நினைத்து இரண்டு தடவை மாற்றிக்கொண்டார்.

அதோடு விட்டாரா, பட்டறை வாசலில் போர்டு எழுதி மாட்டினார்: காற்று எங்கள் பொறுப்பு. அந்தப் போர்டுதான் இப்போது என் உயிரை வாங்குகிறது. முன்பு ஃபேன் மூடியை ரிவெட் ஆணி அடித்து இறுக்கிவிடுவோம். கழற்றிப் பூட்ட வசதியாக எல்லாவற்றையும் திருகாணியாக மாற்றினார். கழற்றத் தெரிந்தவர்களெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டு, பூட்டத் தெரியாமல் நம்மைக் கூப்பிட்டார்கள். பேங்குக்குக் கடன் கேட்டுப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர்தான், ஆனால் "சரக்கு எங்கேம்மா?" என்றார். வீடு வீடாக இருக்கிறது என்றேன். "அப்ப வித்தாச்சா?" இல்லை என்றேன். "அப்ப கையிருப்பா?" அதுவும் இல்லை சார், சுத்திக்கிட்டிருக்கு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தார். மேலே சுற்றியது நம் ஃபேன்தான். நான் அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன், பிறகு தப்பாக நினைத்துக்கொள்வார்.

சொந்தமாக வாங்கிய ஃபேனை ஜனங்கள் துடைத்து வைப்பார்கள், வாடகைக் காற்றை யார் துடைப்பார்கள். தையற்காரி வீட்டில் போய்ப் பார்த்தால் இறக்கையில் ஈரத்துணி தொங்குகிறது. "என்னம்மா இது" என்றால், "சீக்கிரம் காயுதுக்கா, உங்க ஃபேன் ரொம்ப நல்ல ஃபேன்" என்கிறாள். போன மாதம் புயல் வந்தபோது அவளே போன் செய்தாள். "அக்கா, காத்து ஓவரா இருக்கு, தகரத்தைத் தூக்குது, கொஞ்சம் வாங்க." அது நம்ம காத்து இல்லைம்மா என்றேன். "எந்தக் காத்துன்னு போர்டுல போடலையேக்கா" என்றாள். நானும் மௌனசாமியும் நனைந்துகொண்டு போய்த் தகரத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தோம்.

மௌனசாமியைத்தான் உனக்குத் தெரியுமே, கையைத் தவிர வேறு எதையும் அசைக்க மாட்டார். அவரை வீடுகளுக்கு ரிப்பேருக்கு அனுப்பினால் எப்படி இருக்கும். ஒரு வீட்டுக்குள் போய், வாயைத் திறக்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஃபேனைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். தெருவே கூடிப் பிடித்து நிறுத்திவிட்டது. அப்போதும் பேசாமல் ஸ்க்ரூடிரைவரைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார், அதைக் கத்தி என்று நினைத்து இன்னும் நாலு பேர் ஓடி வந்திருக்கிறார்கள். அதிலிருந்து நானும் கூடப் போகிறேன். அவர் மேலே ஏறுவார், நான் கீழே நின்று பேசுவேன். இந்த ஊரில் மனுஷ முகத்தைவிட வீட்டுக் கூரைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் தையற்காரி வீட்டு ஃபேனைத் திறந்தபோது மௌனசாமி பாகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எது எந்தப் பழைய ஃபேனிலிருந்து வந்தது என்று ஜாடை காட்டினார். தண்டு முன்பு எங்கள் படுக்கையறையில் ஓடியது. பேரிங் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடியது. காயில் உன் அத்தான் சுற்றியது, நுனியில் அவர் முடிச்சு. செருப்பு வாரை அவர் கட்டுவாரே, உள்ளே ஒரு சுற்று வெளியே ஒரு சுற்று, அதே முடிச்சு. கை போய்விட்டது தம்பி, முடிச்சு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எத்தனை கூரைக்குக் கீழே எத்தனை பேர் அதில் தூங்குகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஆனால் மலைத்துப்போய் நின்றுகொண்டே இருந்தால் பட்டறை நடக்குமா. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் "சார் வரலையா?" என்றுதான் கேட்கிறார்கள். அவர் போனது பாதிப் பேருக்குத் தெரியாது. "வரலை" என்று சொல்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் வரலை என்று சொல்வது. போதாததற்கு ரிட்டையரான வாத்தியார் ஒருவர், தினமும் சாயங்காலம் போன், "காத்து வரலை" என்று. மௌனசாமி போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆட்காட்டி விரலைச் சுழற்றிக் காட்டுகிறார், நன்றாகத்தான் ஓடுகிறது. மறுநாள் மறுபடியும் போன். என்னால் முடியவில்லை. மூடிவிடலாம். நீ வா, எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறாயோ அங்கே போடுகிறேன்.

உன் வீட்டில் எல்லோருக்கும் ஆயுசும் சுகமும் பெருகட்டும். உன் மனைவியை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல், குறைவாகச் சொல்லிவிடாதே. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாத்தியார் போன் செய்தார். காத்து வரலை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று நானே தனியாகப் போனேன். ஃபேன் ராஜா மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கீழே இரண்டு நாற்காலி, ஒன்றில் அவர். "நல்லாத்தானே ஓடுது சார்" என்றேன். "நான் ஃபேன் ஓடலைன்னு சொன்னேனாம்மா? சாயங்காலமானா உங்க வீட்டுக்காரர் காத்து வாங்க வருவார். இங்கே உக்காருவார். நான் அவர் ஃபேனைத் திட்டுவேன், அவர் என் பாடத்தைத் திட்டுவார். இப்ப திட்டுறதுக்கு ஆள் இல்லை. அதைத்தான் சொல்றேன்" என்றார். அவர் போனது இவருக்குத் தெரியும். சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

"சார், நாங்க ஒத்துக்கிட்டது ஃபேன் காத்துக்கு மட்டும்தான்" என்றேன். "போர்டுல அப்படிப் போடலையே" என்றார். அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தேன். "சரி, திட்டுங்க" என்றேன். அவர் எழுந்து போய் ரெகுலேட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உன் அத்தான் போன பிறகு இன்றைக்குத்தான் தம்பி எனக்கு மூச்சு முழுசாக உள்ளே போயிற்று.

அதனால் வெள்ளிக்கிழமை வருவதானால் பத்திரக்காரரை அழைத்து வராதே. நீ மட்டும் வா. உனக்குத்தான் நன்றாகப் பேச வருமே, மௌனசாமி மேலே ஏறும்போது நீ கீழே நின்று பேசு. சாயங்காலத்தில் எனக்கு வேறு வேலை இருக்கிறது.