முள்ளம்பன்றி வீட்டு வழி

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டது. எல்லாம் கெட்டது அங்கேதான்.

முள்ளம்பன்றியின் பெயர் வேலப்பன். மனைவி தெய்வானை. இலந்தைப் புதருக்கு நடுவில் வளை. வளை வாசலிலிருந்து காட்டின் பெரிய தடம் வரைக்கும் நேராக ஒரு வழி. புதரைக் கடித்து, வேரைப் பறித்து, வேலப்பனே போட்டது. புறம்போக்கு இல்லை. பங்காளி கிடையாது. சொந்த வழி.

பக்கத்தில் இரண்டு வீடு. ஒன்றில் தர்மலிங்கம் என்ற கரடி. தேன் வியாபாரம். சரக்குக்கு ஒரு குட்டியானை வைத்திருந்தது. வண்டியைச் சொல்லவில்லை. நிஜமான குட்டியானை. இன்னொரு வீட்டில் மரகதம் டீச்சர். புள்ளிமான். வீட்டிலேயே டியூஷன். இரண்டு வீட்டுக்கும் வழி இருந்தது. குளத்தைச் சுற்றிப் போக வேண்டும். கொஞ்சம் தூரம். அதுதான் குறை.

கரடி புதுக்குகைக்குப் பால் காய்ச்சியது. அதற்கு முதல் நாளே வேலப்பனிடம் வந்தது.

"அண்ணே, சொந்தக்காரங்க நிறைய வர்றாங்க. வயசானவங்களால குளத்தைச் சுத்தி நடக்க முடியாது. நாளைக்கு ஒரு நாள் மட்டும் உங்க வழியா வரட்டுமா?"

விசேஷ வீடு. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வேலப்பன் சொல்லிவிட்டது. என்ன சொன்னது என்று முதலிலேயே சொன்னேன்.

விசேஷம் முடிந்த மறுநாள் குட்டியானை தேன் பானைகளோடு அதே வழியில் வந்தது. பின்னால் கரடி.

"என்ன தம்பி, விசேஷம்தான் முடிஞ்சுபோச்சே?"

"நேத்து விட்டீங்கல்ல அண்ணே?"

அதற்கடுத்த நாள் டியூஷன் பிள்ளைகள். மான்குட்டி, முயல்குட்டி, ஒரு காட்டுப்பன்றிக் குட்டி. வேலப்பன் டீச்சரைக் கேட்டது.

"கரடி சாரை விடறீங்க. படிக்கிற பிள்ளைங்களை விட மாட்டீங்களா சார்?" என்றது மரகதம் டீச்சர். டீச்சரிடம் யார் பேசி ஜெயிப்பது?

தடுத்து நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். முடியாது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம். வெளியே கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எங்கே போகிறீர்கள் என்று கேட்கவே கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. விளங்காத பழி கேட்டவர் தலையில் விழும். ஒரு நாள் வேலப்பன் வாயைத் திறந்தது. கரடி பதறிப்போய்க் கையைத் தூக்கியது.

"அண்ணே, அண்ணே! சரக்கோட கிளம்பிட்டேன். ஒரு வார்த்தை கேட்டுடாதீங்க!"

வேலப்பன் திறந்த வாயைக் கொட்டாவி மாதிரி ஆக்கி மூடிக்கொண்டது.

சரி, திரும்பி வரும்போது கேட்போம் என்று வாசலில் உட்கார்ந்திருக்கும். திரும்பி வருகிறவர் வெயிலில் காய்ந்து வருவார். "அண்ணே, ஒரு வாய் தண்ணி." தண்ணீர் குடிக்கிறவரிடம் சண்டைக்குப் போவதும் அந்தக் காட்டில் வழக்கமில்லை. தெய்வானைக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தே கை கடுத்தது. தண்ணீர் அந்தக் குளத்துத் தண்ணீர்தான். குளத்தைச் சுற்றிப் போயிருந்தால் அவரவரே குடித்திருக்கலாம்.

போய் வருவதோடு நிற்கவில்லை. நிறுத்தி வைப்பதும் தொடங்கியது. குட்டியானை வேலப்பனின் வாசலை அடைத்து நின்றது.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா."

"நான் என்னங்க பண்ணட்டும்? ஓனர் இங்கதான் நிக்கச் சொன்னாரு."

"இது என் வாசல்."

"தெரியுதுங்க. ஆனா நிழல் இங்கதானே இருக்கு?"

கரடியைக் கூப்பிட்டுக் கேட்டால், "இதோ எடுத்துடறேன் அண்ணே, ரெண்டு நிமிஷம்" என்று குகைக்குள் போகும். கரடி தூங்கினால் உங்களுக்குத் தெரியும்.

இதுவரை சிரித்தீர்கள். இனி கொஞ்சம் சும்மா கேளுங்கள்.

தெய்வானைக்குப் பிரசவ வலி வந்தது. மருத்துவச்சி பொன்னுத்தாய் வர வேண்டும். பொன்னுத்தாய் ஓர் உடும்பு. வயதானவள், கைராசிக்காரி. வேகமாகத்தான் வந்தாள். குட்டியானை குறுக்கே நின்றது. ஓனர் சொல்லாமல் நகராது. இரண்டு பக்கமும் இலந்தை முள். பொன்னுத்தாய் குளத்தைச் சுற்றி, புதருக்குப் பின்னால் ஏறி, மேல் பொந்து வழியாக இறங்குவதற்குள் நேரமாகிவிட்டது. அந்தக் குட்டி தங்கவில்லை.

துக்கம் கேட்க எல்லோரும் வந்தார்கள். அதே வழியில். கரடி உண்மையாகவே அழுதது. குட்டியானையை வாசலில் நிறுத்திவிட்டு வந்து அழுதது.

மறுபடியும் தெய்வானை உண்டானது. பொன்னுத்தாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவை வழி இருந்தாத்தான் நான். யானையைத் தாண்டி வர எனக்கு வயசு இல்ல."

வேலப்பன் ஒரு மரப்பட்டையில் 'இது பொது வழி அல்ல' என்று பல்லால் செதுக்கி நட்டது. எழுத்து நன்றாக வந்திருந்தது. மறுநாள் டீச்சர் புது மாணவனின் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது: "வீடு கண்டுபிடிக்கிறது ஈஸிங்க. 'இது பொது வழி அல்ல'ன்னு ஒரு போர்டு இருக்கும். அதுல நேரா உள்ள வந்துடுங்க."

அடுத்து, தன் முதுகிலிருந்து உதிர்ந்த முட்களைச் சேர்த்து வழிக்குக் குறுக்கே வேலி கட்டியது. பிள்ளைகள் ஆளுக்கொன்று பிடுங்கிப் பேனா செய்துகொண்டார்கள். மீதியைக் கரடி தேனடை குத்த எடுத்துக்கொண்டு போனது. "நல்ல முள்ளு அண்ணே. இன்னும் இருந்தா சொல்லுங்க" என்றது.

வேலப்பனுக்கு முதுகு சிலிர்த்தது. வழக்கமாவது ஒன்றாவது என்று வழியில் நின்று கத்திவிட்டது.

"உனக்குன்னு வழி இருக்குல்ல? அதுல போக வேண்டியதுதானே?"

கரடி முகம் தொங்கிப்போனது. "வழி என்ன அண்ணே, நடந்தா தேஞ்சா போயிடும்?"

"தேயல. அகலமாயிடுச்சு. உன் யானை போய்ப் போய் என் புதர்ல பாதி காணோம்."

"உங்களுக்கும் வசதியாத்தானே அகலமாச்சு? இவ்வளவு முள்ளை மனசுல வச்சுக்கிட்டா இத்தனை நாள் பழகுனீங்க?"

"மனசுல இல்லடா. முதுகுல. பொறந்ததுலேருந்து!"

டீச்சர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டது. "வாங்கடா, பெரியவங்க பேசற பேச்சா இது?" போனது. எந்த வழியில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ராஜா சிங்கம் எல்லாம் அந்தக் காட்டில் முடிந்த கதை. இப்போது பஞ்சாயத்து. வார்டு மெம்பர் ஏகாம்பரம். நரி. கதையில் நரி வந்தால் தந்திரம் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். இந்த நரிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நாளெல்லாம் கல்யாணம், காதுகுத்து, திறப்பு விழா.

வேலப்பன் போய்ச் சொன்னது. நரி வாட்சைப் பார்த்துக்கொண்டே கேட்டது.

"அது யார் வழி?"

"என் வழிங்க."

"தனியார் வழின்னா பஞ்சாயத்து தலையிட முடியாது."

"அப்ப பொது வழியா இருந்தா?"

"பொது வழின்னா எல்லாரும் போவாங்க. அப்பவும் தலையிட முடியாது. வேற ஏதாவது இருக்கா?"

வேறு ஒன்றும் இல்லை.

வேலப்பன் புகார் சொன்ன விஷயம் கரடிக்கு எட்டியது. கரடியும் டீச்சரும் சேர்ந்து பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து நின்றார்கள். காட்டு மக்கள் நலன் கருதி அந்த வழியைப் பொது வழியாக ஆக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் படிப்பு, வியாபார வளர்ச்சி, முதியோர் மூட்டுவலி எல்லாம் பேசினார்கள். யார் வழி என்று மட்டும் யாரும் பேசவில்லை. பேசியவர்களுக்கெல்லாம் கைதட்டல்.

"சொந்தக்காரர் சம்மதிக்கணும்" என்றது நரி. எல்லோரும் வேலப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலப்பன் எழுந்தது. "எடுத்துக்குங்க" என்றது. உட்கார்ந்துவிட்டது.

யோசித்துப் போட்ட திட்டம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வேலப்பனுக்கு அலுத்துவிட்டது. அவ்வளவுதான்.

கரடி ஓடி வந்து கட்டிப்பிடித்தது. குத்திக்கொண்டது. "பெரிய மனசு அண்ணே உங்களுக்கு" என்று முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னது.

வீட்டில் தெய்வானை கேட்டது. "எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"அப்படியே என்னையும் அந்தக் குளத்துல தள்ளிட்டு வந்திருக்கலாமே. பொன்னுத்தாய் இனிமே எப்படி வருவா?"

வேலப்பன் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது.

வழிக்குத் திறப்பு விழா நடந்தது. ரிப்பனாகக் கட்டியிருந்த காட்டுக்கொடியை நரி வாயால் அறுத்தது. குட்டியானைக்கு மாலை. டீச்சர் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். வேலப்பனின் வாசலில் பந்தல் போட்டதால் அன்று வேலப்பனால் வெளியே வர முடியவில்லை. உள்ளேயிருந்தே கேட்டது.

பந்தல் பிரித்த மறுநாள் ஒரு பெருச்சாளி வந்தது. உருண்டையான உடம்பு, வாயில் வெற்றிலை. பின்னால் ஒரு படையே வந்தது. எல்லாம் பெருச்சாளிகள்.

"காண்டிராக்டர் பரமானந்தம். பஞ்சாயத்துலேருந்து வர்றேன். பொது வழியாயிடுச்சுல்ல? பைப் போடணும்."

"பைப் எதுக்கு? குளம்தான் பக்கத்துல இருக்கே?" என்றது தெய்வானை.

"அது எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தோண்டற வேலை."

தோண்டினார்கள். தோண்டுவது என்றால் அதுதான் தோண்டுவது. வேலப்பனின் வாசற்படியில் ஆரம்பித்துப் பெரிய தடம் வரைக்கும் ஒரே பள்ளம். இரண்டு பக்கமும் மண் மலை. சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார்கள். அந்தப் பஞ்சாயத்தில் அவ்வளவு வேகமாக நடந்த வேலை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"பைப் எப்ப வரும்?" வேலப்பன் கேட்டது.

"வரும்" என்றது பரமானந்தம். ஒரு போர்டை நட்டது. 'பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூடுவது பெருச்சாளிக்குப் பழக்கமில்லை.

காலையில் குட்டியானை வந்தது. மண் மேட்டைப் பார்த்தது. கால் வைத்தது. மேடு சரிந்தது. பின்பக்கமாகவே நடந்து குளத்துப் பக்கம் போய்விட்டது. டியூஷன் பிள்ளைகளில் ஒன்று பள்ளத்தில் விழ, டீச்சர் இழுத்து வெளியே போட்டது. அன்றிலிருந்து பிள்ளைகளும் குளத்துப் பக்கம்தான்.

அன்றே உச்சி வெயிலில் தெய்வானைக்கு வலி எடுத்தது.

வேலப்பன் வாசலுக்கு ஓடி வந்தது. எதிரே வழி இல்லை. பள்ளம்தான். இந்தத் தடவை யானை கூட இல்லை, வழியே இல்லை. உள்ளே தெய்வானை கத்தியது. "நின்னுக்கிட்டே இருக்கீங்களே! போங்க!"

வேலப்பன் கண்ணை மூடிக்கொண்டு குதித்தது.

குதித்த பிறகுதான் தெரிந்தது. முள்ளம்பன்றிக்கு அளவெடுத்த மாதிரி அகலம். முதுகு முள் இரண்டு பக்கமும் உரசவில்லை. ஈர மண், காலுக்குக் குளிர்ச்சி. நேர்க்கோடு. பின்னே? வளையில் வாழ்கிற ஜாதிக்கு வளை தோண்டுகிற ஜாதிதானே வழி போட வேண்டும்? பிறந்ததிலிருந்து அப்படி ஓடியதில்லை. ஓடியது.

மேலே, மண் மேட்டில் கரடி நின்றுகொண்டிருந்தது. பள்ளத்துக்குள் வேலப்பனைக் கண்டதும் வாய் தவறிவிட்டது.

"அண்ணே! எங்க கிளம்பிட்டீங்க?"

கேட்டாகிவிட்டது. கரடி நாக்கைக் கடித்துக்கொண்டது. வேலப்பனுக்கு ஒரு கணம் கால் நின்றது. அந்தக் காட்டில் பிறந்த யாருக்கும் நிற்கும். பிறகு ஓடியது. காரியம் பெரிது.

திரும்பி வரும்போது முன்னால் பொன்னுத்தாய். உடும்பு பள்ளத்தில் போகிற வேகத்தை நீங்கள் பார்த்ததில்லை. "இப்பதான்யா வழின்னு ஒண்ணு போட்டிருக்கானுங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

இரண்டு குட்டி. இரண்டும் சுகம். தாயும் சுகம்.

அப்படியானால் கிளம்புகிறவரைக் கேட்கக் கூடாது என்ற வழக்கம் பொய்யா? பஞ்சாயத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் போட்டார்கள். கரடி கூப்பிட்டது பின்னாலிருந்து இல்லை, மேலிருந்து. அதனால் கணக்கில் வராது என்று முடிவானது. வழக்கம் பிழைத்தது.

கொஞ்ச நாளில் கரடியும் டீச்சரும் வந்தார்கள். குளத்தைச் சுற்றி வந்ததால் மூச்சு வாங்கியது.

"அண்ணே, பள்ளத்தை மூடச் சொல்லி ஒரு புகார் குடுப்போம். உங்க கையெழுத்தும் வேணும்" என்றது கரடி.

"எதுக்கு?"

"வழியை இப்படிப் போட்டுட்டுப் போயிட்டானே! உங்களுக்குக் கோபம் வரலையா சார்?" என்றது டீச்சர்.

"பொது வழிங்க. அதுல நான் எப்படித் தலையிட முடியும்?" என்றது வேலப்பன். "தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்றார்கள். வரும்போதே குளத்தில் குடித்திருந்தார்கள்.

பைப் வரவில்லை. இன்னும் வரவில்லை. ஒரு தடவை பரமானந்தம் அந்தப் பக்கம் வந்தபோது தலையைச் சொறிந்தது. "மன்னிச்சுக்குங்க. வேலை பாதியில நிக்குது."

"நிக்கட்டும்" என்று வேலப்பன் பதறிப்போய்ச் சொன்னது. "அவசரமே இல்லை." உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்துச் சோறு போட்டது. மூத்த குட்டியை அதன் மடியில் வைத்தது. பெயர் என்ன என்று பெருச்சாளி கேட்டது. சொன்னார்கள். தன் பெயரையே கேட்டதும் அதற்கு வெற்றிலை தொண்டையில் மாட்டிக்கொண்டது.

நீதி: உன் வழியைப் பக்கத்து வீட்டாரிடமிருந்து காப்பாற்ற வேண்டுமா? போர்டு வைக்காதே, வேலி போடாதே, சண்டைக்கும் போகாதே. பஞ்சாயத்துக்குக் கொடுத்துவிடு. மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார்: காண்டிராக்டர் பெருச்சாளி பரமானந்தம்.