மாப்பிள்ளைக்கு எதற்கு விறாந்தை?

வீடு கட்டுகிறவர்கள் கல்லுக்குக் காசு கொடுப்பார்கள், மணலுக்குக் காசு கொடுப்பார்கள், சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறவனுக்குக்கூடத் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால், 'இந்த வீட்டுக்கு இவ்வளவு செலவாகும்' என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிறவனுக்கு மட்டும் காசு கொடுக்கக் கை வராது. கெட்ட செய்தி கொண்டுவருகிறவனுக்கு யார்தான் கூலி கொடுப்பார்கள்?

இந்தச் சின்ன உண்மை புரியாமல்தான் எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்தத் தொழிலில் குதித்தேன். கொழும்பில் கட்டடச் செலவு மதிப்பிடுகிற படிப்பைப் படித்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பி, வீட்டு முன் அறைக்கு வெளியே 'கட்டடச் செலவு மதிப்பீட்டாளர்' என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டேன். பலகையைப் பார்த்து முதலில் வந்தவர், வெள்ளையடிக்க எவ்வளவு கேட்பாய் என்றார். இரண்டாவதாக வந்தவர் வழி கேட்டார்.

வாப்பா துறைமுகத்தில் சாமான் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர். என் தொழிலைப் பற்றி அவருக்கு ஒரே கருத்துத்தான் இருந்தது.

"கூலிக்கு வேலை செய்றவனைக் கண்டிருக்கன். செலவைக் கணக்குப் பாக்கக் கூலி கேக்கிறவனை இப்பதான் காணுறன். நோன்புக்குள்ள ஒருத்தராவது வராட்டி பலகையைக் கழட்டு. களஞ்சியத்தில கிளாக்கர் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கன்."

களஞ்சியக் கிளாக்கர் வேலை கேவலமானது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாப்பாவின் மேசைக்கு எதிர் மேசையில் ஆயுள் முழுக்க உட்காருவதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. எப்படியாவது ஒரேயொரு ஆளிடம் பீஸ் வாங்கிக் காட்டவேண்டும். அன்றைக்கு என் வாழ்க்கையின் இலட்சியமே அதுதான்.

நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் கிண்ணியாவிலிருந்து சுலைமான் முதலாளி வந்தார். நெல் வியாபாரி. மெலிந்த உடம்பு, வெள்ளைச் சாரம், எதிரில் இருப்பவரை எடைபோடுகிற கண். என் மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து, "ஒரு வீடு கட்டப்போறன் தம்பி. செலவு பாத்துச் சொல்லுவீங்களாமே?" என்றார்.

உம்மா திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, அவருக்குத் தேத்தண்ணியோடு வட்டிலப்பமும் அனுப்பினார். (பெருநாளைக்கு மட்டும் செய்கிற வட்டிலப்பம்!) என் தொழிலுக்கு இப்போதாவது வீட்டில் மரியாதை வந்ததே என்று நான் பூரித்துப்போனேன். மறுநாள் காணியைப் பார்க்கக் கிண்ணியாவுக்குப் புறப்பட்டபோது, உம்மா என் பெருநாள் சட்டையை எடுத்து ஸ்திரிக்கை போட்டு வைத்திருந்தார். அதையும் தொழில் மரியாதைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். அறிவு என்று ஒன்று இருந்திருந்தால் அங்கேயே யோசித்திருப்பேன்.

அந்தக் காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் தட்டையான தோணியில் பஸ்ஸும் லொறியும் மாடும் மனிதரும் சேர்ந்தே கடலைக் கடப்போம். பாதையில் நின்றபடி முதலாளியிடம் என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் நின்ற மாடு தலையாட்டிக் கேட்டது.

காணி நல்ல காணி, வாய்க்காலுக்குப் பக்கத்தில் இரண்டு தென்னைகளோடு இருந்தது. முதலாளி வீட்டுப் பிளானை விரித்துக் காட்டினார். முன்னால் திண்ணை மாதிரி அகலமான விறாந்தை, உயரமான முதிரை மரக் கதவுகள், ஒவ்வொரு அறைக்கும் இரண்டு ஜன்னல்கள், அடுப்படிக்கு விசாலமான குசினி.

"யாருக்கு முதலாளி இந்த வீடு?"

"மகளுக்கு. சீதன வீடு. மாப்பிள்ளை பாத்துக்கொண்டிருக்கம்."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பெண்ணோடு வீடும் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விடுவார். அதனால் நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்.

"உங்கட பீஸ் எப்படி தம்பி?"

ஒத்திகை பார்த்ததை ஒப்புவித்தேன். "கட்டடச் செலவில நூற்றுக்கு இரண்டு, முதலாளி. பெரிய கட்டடம் எண்டா வீதம் குறையும், சின்ன வீடு எண்டா கூடும். ஏனெண்டா சின்ன வீட்டிலயும் கதவு, ஜன்னல், கூரை எல்லாத்தையும் ஒவ்வொண்டா அளக்கத்தானே வேணும்? பிளான் தெளிவா இருந்தா வேலை குறைவு. வெறும் கோடு மட்டும் கீறியிருந்தா மிச்சத்தை நாங்க யோசிக்க வேணும், அதுக்குக் கூட. பாதை கடந்து வந்துபோற செலவு தனி. கணக்கு முடிஞ்ச பிறகு மாத்தச் சொன்னா அதுக்கும் தனிக் காசு."

"மேசன் பாஸ் காணியை ஒருக்காப் பாத்திட்டுச் சும்மாவே சொல்லுறாரே."

"சும்மா சொல்லுற கணக்கை நம்பேலாது, முதலாளி. அது பிழைச்சா அவருக்கு ஒண்டும் இல்ல. சுவர் எழும்பினாப் பிறகு காசு முடிஞ்சிட்டா, கூரையில்லாத வீட்டில நிண்டு வானத்தைப் பாக்கிறது நீங்கதான். எனக்கு நீங்க தாற காசு, என்ட கணக்குக்கு நான் பொறுப்பு எண்டதுக்கு."

கடைசி வரியைக் கொழும்பில் எங்கள் ஆசிரியர் சொல்வார். அதை அவரைவிட அழகாகச் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு. முதலாளி தாடியைத் தடவினார்.

"நல்லாத்தான் கதைக்கிறீங்க. ஒண்டு மட்டும் விளங்கல்ல. வீட்டுச் செலவு கூடினா உங்கட பீஸும் கூடும். அப்ப நீங்க ஏன் என்ட செலவைக் குறைக்கப் பாக்கப்போறீங்க?"

இந்தக் கேள்வியைக் கொழும்பில் யாரும் கேட்கவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன. என்னைக் கள்ளன் என்று சொல்லாமல் சொல்கிறாரே! ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை உருவினேன்.

"இஞ்ச பாருங்க முதலாளி" என்று விறாந்தையின் மேல் ஒரு கோடு கிழித்தேன். "இது எதுக்கு? மாப்பிள்ளைக்கு எதுக்கு விறாந்தை? சாய்மனைக் கதிரையைப் போட்டுப் படுத்துக் கிடக்கவா? விறாந்தை இல்லாட்டி வேலைக்காவது போவார்."

முதலாளியின் முகத்தில் என்னவோ அசைந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"ஜன்னல் இரண்டு எதுக்கு? ஒண்டு காணும். மாப்பிள்ளைக்குக் காத்து வேணுமெண்டா வெளியில போய் வாங்கட்டும். முதிரை விக்கிற விலைக்குக் கதவு இவ்வளவு உயரமா வேணாம். ஆறடி காணும்."

"உயரமான மாப்பிள்ளையா இருந்தா?"

"குனிஞ்சு வரட்டும் முதலாளி! அப்பவாவது பெண் வீட்டில மரியாதை வரும்."

அவர் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒருமுறை பார்த்தார். (என் உயரம் ஆறடிக்கு மேல். எங்கள் தெருவில் பட்டம் மரத்தில் சிக்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.) பீஸுக்குத் தகுந்த ஆள்தானா என்று அளக்கிறார் என நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். உற்சாகத்தில் குசினியையும் பாதியாக்கினேன்.

"மாப்பிள்ளை கோபிக்க மாட்டாரா தம்பி?"

"வீடு சும்மா கிடைக்கிற மனிசனுக்குக் கோபம் வேறயா?"

ஒரு கிழமை இருந்து கணக்கைச் சுத்தமாக முடித்தேன். சீமெந்து தட்டுப்பாட்டையும், கூரை ஓட்டைப் பாதையில் ஏற்றி இறக்கும் கூலியையும்கூட விடவில்லை. செலவு நன்றாகக் குறைந்திருந்தது, அதோடு என் பீஸும் குறைந்திருந்தது. முதலாளி அதைக் கவனித்து, "உங்களுக்குத்தானே நட்டம்" என்றார். "எனக்கு நேர்மைதான் முக்கியம்" என்று நான் சொன்னபோது, பாதைத் துறையில் நின்ற மீன்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலும். அவர் பேரம் பேசாமல் முழுக் காசையும் கையில் வைத்தார்.

அன்று வீட்டுக்கு ராஜா மாதிரி வந்தேன். நோட்டுகளை வாப்பாவின் முன்னால் விசிறி மாதிரி விரித்து வைத்தேன். அவர் ஒரு நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உண்மையான காசுதான்" என்று ஒத்துக்கொண்டார். களஞ்சிய மேசையிலிருந்து தப்பிவிட்டேன்!

"முதலாளி என்ன சொன்னார் மகன்?" உம்மா ஆவலோடு கேட்டார்.

"மனிசன் அசந்து போய்ட்டார் உம்மா. சீதன வீடு ஒண்டு. விறாந்தையை வெட்டினன், ஜன்னலை வெட்டினன், கதவைக் குட்டையாக்கினன், குசினியைப் பாதியாக்கினன். வாற மாப்பிள்ளை பாவம், கோழிக்கூட்டுக்குள்ள இருக்கிற மாதிரித்தான்."

உம்மா பொத்தென்று கதிரையில் உட்கார்ந்தார்.

"யாருக்குச் சீதன வீடு?"

"அவர்ட மகளுக்கு."

"அவருக்கு ஒரே ஒரு மகள்தான்டா! அந்த மனிசன் வந்ததே உன்னை மாப்பிள்ளை பாக்கத்தான்டா! வட்டிலப்பம் பின்ன உன்ட எஸ்டிமேட்டுக்கா குடுத்தன்?"

வாப்பா வாழ்க்கையில் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோழிக்கூடு" என்று சொல்லிப் பார்த்துவிட்டு மறுபடியும் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு போனால் போகட்டும். வீடு சும்மா கிடைக்கிற மனிதன், வேலைக்குப் போகாமல் படுத்துக்கிடப்பவன் என்றெல்லாம் மாப்பிள்ளையைத் திட்டியது நான்தானே! என் சம்பந்தத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாளே முதல் பாதையில் கிண்ணியாவுக்கு, முதலாளி வீட்டுக்கு ஓடினேன். கையில் புதுக் கணக்கு. விறாந்தை, ஜன்னல், உயரக் கதவு எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தன.

"முதலாளி, திரும்ப யோசிச்சுப் பாத்தன். எங்கட பக்கத்து மாரி மழைக்கு விறாந்தை இல்லாம சரிவராது."

"மாப்பிள்ளைக்கு எதுக்கு விறாந்தை எண்டு நீங்கதானே கேட்டீங்க?"

"மாப்பிள்ளையும் மனிசன்தானே முதலாளி."

"போன கிழமை உங்களுக்கு அது தெரியல்லயே." முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "கணக்கை மாத்தினா தனிக் காசு எண்டீங்க. இதுக்கு எவ்வளவு?"

"இது சும்மா."

"சும்மா சொல்லுற கணக்கை நம்பேலாது எண்டதும் நீங்கதான்."

உள்ளே திரைக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. முதலாளி என் புதுக் கணக்கை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"காசு குடுத்து வாங்கின கணக்கு. அதை வீணாக்கேலாது. அதிலதான் கட்டப்போறன். மகள் மட்டும் ஒரு திருத்தம் சொன்னவ. குசினியில கை வைக்க வேணாமாம்." பிறகு கேட்டார்: "சொல்லுங்க தம்பி, இப்பிடி ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளை கிடைப்பாரா?"

"கிடைப்பார் முதலாளி."

"குனிஞ்சு வருவாரா?"

"வருவார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் அவர் சிரித்தார். தன் கூலி குறைவதைப் பார்க்காமல் அடுத்தவன் செலவைக் குறைத்தவனுக்கு மகளைக் கொடுக்கலாம் என்று, நான் முதல் கோட்டைக் கிழித்தபோதே முடிவு செய்துவிட்டாராம். அதைக் கலியாணத்துக்குப் பிறகுதான் சொன்னார்.

அந்தக் குசினித் திருத்தத்தைத் தவிர, வீடு என் கணக்கில் ஒரு சதம்கூடப் பிசகாமல் முடிந்தது. அந்தப் பெருமையை யாரிடம் சொல்வது? கலியாணத்தன்று உறவுக்காரர் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, புதுத் தொப்பியோடு உள்ளே நுழைந்து நெற்றியை நிலையில் இடித்துக்கொண்டேன். இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது இடிக்கிறேன். வீட்டிலேயே பெரிய அறை குசினி என்பதால் என் தொழிலும் அங்கேதான் நடக்கிறது. என் எஸ்டிமேட்டுகளில் மஞ்சள் கறை இருக்கிறதே என்று யாரும் கேட்டால், அது எங்கள் முத்திரை என்று சொல்லிவிடுவேன்.

மாரி காலத்தில் வருகிற ஆட்கள் ஒதுங்க இடமில்லாமல் வாசலில் குடை பிடித்துக்கொண்டே நிற்பார்கள். நின்றபடி, "எஸ்டிமேட்டுக்கு எவ்வளவு எடுப்பீங்க?" என்பார்கள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, நூற்றுக்கு இவ்வளவு, சின்ன வீட்டுக்குக் கூட, வந்துபோகிற செலவு தனி என்று தொடங்குவேன். முடிக்க விடமாட்டாள் என் மனைவி பரீதா. அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"கூடக் கேட்டா குடுக்காதீங்க! எங்கட வாப்பாட்ட பீஸ் வாங்கிக்கொண்டு தன்ட விறாந்தையையே வெட்டிக் குடுத்தவர்!"