எல்க் சீட்டு விற்பனை பற்றி, முந்நூறு சொற்களுக்கு மிகாமல்

ஸ்டில்சன் கிரீக், மொன்டானா
நவம்பர், சனிக்கிழமை காலை

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் வெர்னா ஸ்கார் அவர்களுக்கு,

ஆல்டன் ஃபியெல்ஸ்டாட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் கணவரும், அடிக்கடி நின்றுபோகும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். கண்கள் மட்டும் நலமில்லை. லென்ஸ் இரண்டும் நாள்பட்ட தேநீர் போல ஆகிவிட்டன என்கிறார் டாக்டர். செவ்வாய்க்கிழமை இடது கண்ணுக்கு அறுவை சிகிச்சை. வரிகள் மேலும் கீழும் போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் தங்கள் வரிகள் அப்படிப் போனபோது நான் மதிப்பெண் குறைத்தது நினைவிருக்கிறது. அதைத் தாங்கள் இப்போது நினைக்க வேண்டாம்.

நில உரிமையாளர்கள் தங்களுக்குக் கிடைக்கும் எல்க் மான் வேட்டை அனுமதிச் சீட்டை வெளியாருக்கு விற்கலாமா கூடாதா, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று தொடங்கி முந்நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். என் மனைவி கோரின் விட்டுச்சென்ற நிலத்துக்கு வருடம் ஒரு சீட்டு உண்டு என்பதாலும், நான் யாரோடும் சண்டை போட்டதில்லை என்பதாலும் என்னைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னீர்கள். உடனே உட்கார்ந்து 'ஆம்' என்று ஒரு கட்டுரை எழுதினேன். படித்துப் பார்த்தேன், மறுக்க முடியாதபடி இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒழுங்குக்காக, 'இல்லை' என்றும் ஒன்று எழுதினேன். அதுவும் மறுக்க முடியாதபடி இருந்தது. ஆயுள் முழுக்க வடிவியல் கற்பித்தவன் நான். எடுகோள்கள் ஒன்றாக இருக்கும்போது முடிவு இரண்டாக வரக்கூடாது. எங்கோ நான்தான் தவறு செய்திருக்கிறேன் என்று இரண்டையும் அடுப்பில் போட்டுவிட்டேன். ஆகவே இது மூன்றாவது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

லோரெட்டா ப்ரூயிட்டின் காபிக் கடையில் இந்த விவகாரம் எப்படிப் போகிறது என்று தாங்களே அறிவீர்கள். கோரினின் அண்ணன் மகன் ட்வெய்ன் ஹார்க்னஸ் கவுன்ட்டரின் ஒரு கோடியில் உட்கார்ந்து, "பனிக்காலம் பூரா இந்த மலையில உள்ள மானெல்லாம் என் புல்லைத்தான் தின்னுது. வேலியை ஒடைக்குது. புல்லு என்னுது, வேலி என்னுது, மான் மட்டும் ஊருதா?" என்பான். அவன் சொல்வது உண்மை. ஒரு எல்க் கூட்டம் புல்கட்டு அடுக்கை என்ன பாடு படுத்தும் என்று நான் என் ஜன்னலிலிருந்தே பார்த்திருக்கிறேன். உடனே லோரெட்டா, "ஒரு டெக்ஸஸ்காரன் புதுப் பிக்கப் வண்டி விலைக்கு ஒன் சீட்டை வாங்கிருவான். நம்ம பென்னி எதைக் குடுத்து வாங்குவான், ஸ்பேனரையா?" என்பாள். அதுவும் உண்மை. பென்னி கொவால்சிக், கணவாய்க்கு அந்தப் பக்கம் சுரங்க ஊரில் மெக்கானிக். வருடா வருடம் ஆண் எல்க் சீட்டுக்கான குலுக்கலில் பெயர் போட்டு, இந்த வருடம்தான் அவனுக்கு விழுந்திருக்கிறது.

"பென்னிக்குத்தான் குலுக்கல்ல விழுந்துருச்சுல்ல, அப்புறம் என்ன அழுகை?" என்றான் ட்வெய்ன்.

"விழறதுக்குள்ள அவன் தாடி நரைச்சுப்போச்சுடா."

"அப்ப மானுக்கும் நரைக்கறதுக்குள்ள சுடச் சொல்லு."

"சுட எடம் வேணாமா? நீதான் ரோடு நெடுக ஆரஞ்சு பூசி வச்சிருக்கியே, கல்யாணப் பந்தல் மாதிரி!"

கடையே சிரித்தது. வேலித்தூணில் ஆரஞ்சு நிறம் அடித்தால் 'கேட்காமல் உள்ளே வராதே' என்பது இந்த மாநிலத்துச் சட்டம். ஆனால் நம் பள்ளத்தாக்கில் அதைக் 'கேட்கவும் வராதே' என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். ட்வெய்ன் காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது லோரெட்டா என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார். மான் யாருது?" என்றாள். ஆப்பிள் பை இன்று நன்றாக வந்திருக்கிறது என்றேன். நான் அன்று செர்ரி பை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

நிற்க. என் கருத்தைச் சொல்லும் முன், இந்த இலையுதிர்காலத்தில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் கருத்து எங்கிருந்து வந்தது என்று புரியாது. போன பனிக்காலத்தில் பனி தள்ளும் வண்டி என் கேட் தூணை இரண்டு முறை இடித்துவிட்டது. பழைய மரம், பனிமூட்டத்தில் தெரியவில்லை என்றார் ஓட்டுநர். ஆகவே செப்டம்பரில் கொட்டகையில் தேடி, லேபிள் உரிந்துபோன ஒரு பெயின்ட் டப்பாவைக் கண்டுபிடித்தேன். கோடையில் ட்வெய்ன் மறந்து வைத்துவிட்டுப் போனதாக இருக்க வேண்டும். திறந்து பார்த்தால் அடக்கமான, கண்ணை உறுத்தாத பழுப்பு. ஒரு வேலையைத் தொடங்கினால் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை என்பதால், கேட்டில் தொடங்கி ரோட்டோரத் தூண் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூச்சு அடித்தேன். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ட்வெய்னின் ஆரஞ்சு கூட வெயிலில் மங்கிவிட்டது போலும், இப்போதெல்லாம் என்னுடையதைப் போலவேதான் தெரிகிறது.

அதற்குப் பிறகுதான் ஊர் மாறிப்போனது. லோரெட்டா நான் கேட்காமலே காபி ஊற்றுகிறவள், இப்போது கேட்டாலும் காது கேட்காதது போல இருக்கிறாள். "சீட்டு விக்கிற சட்டத்தைப் பத்தி சட்டசபைக்காரங்க வர்ற கூட்டத்துல என்ன பேசுறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை, லோரெட்டா" என்று நானாகப் பேச்சுக் கொடுத்தேன். "இனிமே என்ன சார் முடிவு? ரோட்டோரமாவே சொல்லிட்டீங்களே, ஊரே படிச்சிருச்சு" என்றாள். முந்தின வாரம் ரோட்டோரத்தில் ட்வெய்னோடு நின்று பேசியது உண்மைதான். ஆனால் பேசியது அவன் நாயின் வயிற்றுப்போக்கைப் பற்றி. அதில் என்ன கொள்கை இருக்கிறது? ட்வெய்னோ அதற்கு நேர்மாறு. என் முதுகில் ஓங்கித் தட்டி, "மாமா, உங்களுக்கு முதுகெலும்பே இல்லைன்னு நெனச்சேன். மன்னிச்சிருங்க!" என்றான். எதற்காக என்னைப் பாராட்டுகிறான் என்று கேட்டால் அவன் மனம் வருந்துமோ என்று நன்றி சொல்லிவிட்டேன்.

பிறகு வேட்டைக்காலம் தொடங்கிய நாள். வெர்னா, நீ இதைச் சிரிக்காமல் படிக்க வேண்டும். (தாங்கள் என்று எழுத வேண்டும், மன்னிக்கவும். மாணவர்களுக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை.) நான் வேட்டையாடுபவன் அல்ல. எல்க் இறைச்சியை என் பற்கள் ஏற்பதில்லை. ஆனால் கோரின் இருந்த காலத்திலிருந்து, அந்த நாளில் விடிவதற்கு முன்பே யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சார், உங்க மேட்டுப் பக்கம் போகட்டுமா?" என்று கேட்பார்கள். நான் சரி என்பேன். என்றும் சரிதான் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் கேட்பார்கள். கேட்டுவிட்டு உட்கார்ந்து காபி குடிப்பார்கள். பென்னி, இறைச்சி அடைத்துச் சுட்ட தன் ஊர்ப் பேஸ்டியை ஒரு துணியில் சுற்றி எடுத்து வருவான். ஒரு பழைய டிரான்ஸ்மிஷனைக் கழற்றின கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லுவான், அதில் ஒரு போல்ட் வருடத்துக்கு வருடம் துரு ஏறிக்கொண்டே போகும். சீசன் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு பொட்டலம் சாஸேஜ் கொண்டுவந்து கொடுப்பார்கள், நான் மகிழ்ச்சியோடு வாங்கி ட்வெய்னின் நாய்க்குப் போடுவேன். அதன் வயிறு கெட்டதற்கும் போன வருட மிச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன், அவனிடம் சொல்லவில்லை.

இந்த வருடம் கோப்பைகளை வரிசையாக எடுத்து வைத்தேன். பெரிய பாத்திரத்தில் காபி போட்டேன். ஒருவரும் வரவில்லை. வெளிச்சம் வந்த பிறகு ரோட்டில் பென்னியின் வண்டி தெரிந்தது. நிறம் தெரியாவிட்டாலும் அந்தச் சைலன்ஸர் சத்தம் எனக்குத் தெரியும். கேட் அருகில் வேகம் குறைந்தது, நின்றது. அப்படியே நின்றுகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தோடேயே இறங்கி ஓடினேன், கையை அசைத்தேன். அந்தக் கையில்தான் துடைப்பம் இருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. "பென்னி! நில்லு!" என்றும் கத்தினேன். வண்டி ஜன்னல் இறங்கியது. "சரி சார், சரி சார், அடிக்காதீங்க! நான் உள்ளயே வரலை, சும்மா நின்னு பாத்தேன், போயிடறேன்!" என்று ரிவர்ஸிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வளைவு வரைக்கும் ரிவர்ஸிலேயே போனான், வெர்னா. பள்ளத்தில் கால் தவறி உட்கார்ந்தபடி அதைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் ட்வெய்ன், பணக்காரர்களை வேட்டைக்குக் கூட்டிப்போகும் தொழில் செய்யும் ஒருவரை அனுப்பிவைத்தான். அவர் கதவைத் தட்டவில்லை, முற்றத்தில் நின்று ஹாரன் அடித்தார். கூடவே ஒரு டெக்ஸஸ் கனவான். புதுச் சட்டையின் மடிப்பு கலையவில்லை, பையில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததில் பாதிப் பேச்சை நான் கவனிக்கவில்லை. சட்டம் வந்துவிட்டால் என் சீட்டையும் மேட்டு நிலத்தையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்துக்கொள்வார்களாம். "உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது பெரியவரே. வருஷத்துக்கு ஒரு செக் வரும். எங்க ஆளுங்க வீட்டுப் பக்கமே வரமாட்டாங்க" என்றார். அதை ஒரு சலுகையாகச் சொன்னார். காபி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள்.

ஆகவே, வெர்னா, சுற்றிச் சுற்றி நடந்து, சமையலறைத் தரையில் தடமே விழும்படி நடந்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் கருத்து: ஆம். விற்கலாம். மான் எல்லோருக்கும் சொந்தம் என்று கடையில் மேஜையைத் தட்டுகிறவர்களில், திறந்து கிடக்கும் என் கதவைத் தட்ட ஒருவர் கூட வரவில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் சரி சொல்வதற்கு நான் எதற்கு? செக்காவது வரட்டும், தபால்காரராவது கேட் வரை வருவார். வியாழக்கிழமை பள்ளி ஜிம்மில் நடக்கும் கூட்டத்திலும் எழுந்து நின்று இதையே சொல்வேன், கால்கள் ஒத்துழைத்தால். அச்சில் போடும்போது 'துடைப்பம்' உள்ள பகுதியை நீக்கிவிடவும்.

தங்கள் இல்லத்தில் இந்தப் பனிக்காலம் விறகுக்கும் சிரிப்புக்கும் குறைவில்லாமல் கழியட்டும். தங்கள் தாயாரின் மூட்டுவலி விலகட்டும். பத்திரிகை தவறாமல் வெளிவரட்டும், தவறுகள் இல்லாமலும் வெளிவரட்டும்.

தங்கள் பழைய ஆசிரியன்,
ஆல்டன் ஃபியெல்ஸ்டாட்

பின்குறிப்பு (புதன்கிழமை): இந்தக் கடிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தபாலில் போடச் சொல்லி ட்வெய்னிடம் கொடுக்க மறந்தது என் வாழ்க்கையின் மிக நல்ல மறதி. இன்று காலை அவன்தான் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கண் கட்டை அவிழ்க்கவைத்துத் திரும்ப அழைத்துவந்தான். கேட் அருகில் வரும்போது, "ட்வெய்ன், என் தூணுக்கெல்லாம் ஆரஞ்சு அடிச்சது யாரு?" என்று கத்திவிட்டேன். அவன் வண்டியை நிறுத்தி என்னையே பார்த்தான். "நீங்கதான் மாமா." இடது கண்ணை மூடினேன், பழுப்பு. வலது கண்ணை மூடினேன், ஆரஞ்சு. சந்தேகம் தீரும்வரை மாற்றி மாற்றிச் செய்துபார்த்தேன். ட்வெய்ன் ஸ்டீயரிங்கில் தலை வைத்துச் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப நாளைக்கு எனக்கு எதிராத்தான் பேசப் போறீங்க, இல்ல?" என்றான்.  ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவன் மறுபடி வண்டியைக் கிளப்பி, "கூட்டத்துக்கு நாந்தான் கூட்டிட்டுப் போவேன். ஒத்தக் கண்ணோட ஓட்டாதீங்க" என்றான்.

மேலே உள்ள 'ஆம்' என்பதை அடித்துவிடவும். என் ஆரஞ்சைப் பார்த்துத்தான் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. இல்லை என்பதே என் கருத்து. காரணம்: என்னைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். இது ஒரு வாதமா என்று தெரியவில்லை, என் மாணவர் யாராவது தேர்வில் எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று. மதியம் கேட் தூணுக்குப் பழுப்பு அடித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை டப்பாவின் நிறத்தைப் பெயின்ட் கடைக்காரர் மூன்று பேர் முன்னிலையில் உறுதி செய்தார். பென்னியின் வண்டி வந்து தூரத்திலேயே நின்றது. விஷயம் அதற்குள் காபிக் கடைக்குப் போய், லோரெட்டா அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். கையில் துடைப்பம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தான்.

"உள்ள வா பென்னி, கேட் திறந்துதான் இருக்கு" என்றேன்.

"அப்படியெல்லாம் வந்து பழக்கமில்ல சார்" என்றான். "நீங்க போய்க் கதவைச் சாத்துங்க. நான் தட்டறேன்."

பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு, டாக்டர் சொன்னதை மீறி, வேகமாக நடந்து உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பேஸ்டித் துணியைக் கையில் தூக்கிக்கொண்டு, முற்றத்தைக் கடந்து அவன் வருவதை ஜன்னல் வழியே இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டினான்.

"யாரு?" என்றேன்.